ஊசியைக் கையில் கொடுப்பது பற்றி

(மாணவர்களும் களப்பணியாளர்களும் கூடிய பண்பாட்டு முகாம் ஒன்றில் பேசியதன் எழுத்து வடிவம். பேச்சு நடை ஆங்காங்கே அப்படியே விடப்பட்டுள்ளது.)



காலையிலிருந்து பஞ்சமி நிலம், இடஒதுக்கீடு, வன்கொடுமை வழக்குகள் என்று பேசிக்கொண்டிருக்கிறோம். இந்த நேரத்தில் ஒருத்தன் வந்து ஊசி, நூல், பூத்தையல்னு ஆரம்பிச்சா உங்களுக்கு எரிச்சல் வரலாம். அதுவும் லாவோஸ் மலையிலிருந்து அகதிகளாக அமெரிக்காவுக்குப் போன ஹ்மாங் மக்களின் தையலைப் பற்றி. தலைப்பைச் சொன்னபோது அமைப்பாளர்கள், 'கவிதை பத்திப் பேசுவீங்கன்னு நெனச்சோமே' என்றார்கள். கவிதை எழுதுகிறவன் கவிதையைப் பற்றியே பேசவேண்டும் என்று சட்டம் இருக்கிறதா என்ன?

எங்கள் வீட்டில் நடந்ததைச் சொல்லிவிட்டு ஹ்மாங் மக்களிடம் போகிறேன்.

அப்பா செத்துப்போன பிறகு அவருடைய தகரப் பெட்டியை அம்மா கட்டிலுக்கு அடியில் வைத்திருக்கிறது. அதில் ஒரு குத்தூசி, தோல் சீவுகிற உளி, ஒரு மெழுகுக் கட்டி, கொஞ்சம் நூல். போன வருசம் ஒருநாள் என் மகள், எட்டு வயது, பெட்டியைத் திறந்து குத்தூசியைக் கையில் எடுத்துவிட்டாள். அம்மா ஓடிவந்து பிடுங்கியது. 'அதத் தொட்டீன்னா கைய முறிச்சுப் போடுவேன்.' எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. முப்பது வருசத்துக்கு முன்னால் அப்பா என்னிடம் சொன்ன அதே வார்த்தை. பேருந்து நிலையத்து ஓரத்தில் சாக்கு விரித்து உட்கார்ந்திருந்த அவர் பக்கத்தில் போய், ஆசையாகக் குத்தூசியைத் தொட்டேன். அன்றைக்கு விழுந்த அறை இன்றைக்கும் கன்னத்தில் இருக்கிறது. அந்த அறைதான் என்னைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பியது, கல்லூரிக்கு அனுப்பியது, இன்றைக்கு ஒரு வங்கியில் எழுத்தராக உட்கார வைத்திருக்கிறது. அப்பா செய்தது சரி. இதில் எனக்குச் சந்தேகமே கிடையாது.

ஆனால் என் மகள் கேட்டாள்: 'இது என்னன்னு மட்டுமாச்சும் சொல்லுங்க.' என்னால் சொல்ல முடியவில்லை. அவமானத்தில் இல்லை. எனக்குத் தெரியாது, அவ்வளவுதான். அந்த மெழுகு எதுக்கு, நூலை எப்படி முறுக்குவது, முதல் குத்து எங்கே விழும், எதுவும் தெரியாது. அந்தச் சமயத்தில்தான் ஹ்மாங் பெண்கள் தங்கள் பேத்திகளுக்குத் தையல் கற்றுக்கொடுப்பதைப் பற்றிப் படிக்க ஆரம்பித்தேன். ஒரு சமூகம் 'தொடாதே' என்கிறது. இன்னொரு சமூகம் 'தொடு, தொடு' என்று கெஞ்சுகிறது. ஏன்? இதுதான் இன்றைக்கு என் கேள்வி.

யார் இந்த ஹ்மாங்? தென்சீன மலைகளில் வாழ்ந்த மக்கள். சீன அரசு 'மியாவ்' என்ற பெரிய பட்டியலுக்குள் அவர்களையும் அடைத்து வைத்திருக்கிறது. லாவோஸிலும் தாய்லாந்திலும் அவர்களை 'மேவ்' என்பார்கள், அது அவர்களுக்கு வசைச்சொல். அடுத்தவன் வைத்த பெயரைச் சுமப்பது என்றால் என்னவென்று உங்களுக்கு நான் விளக்கவேண்டியதில்லை. 19ஆம் நூற்றாண்டில் அவர்களில் ஒரு பகுதியினர் வியட்நாம், லாவோஸ் மலைகளுக்கு நகர்ந்தார்கள். பிரெஞ்சு ஆட்சியின் வரிக்கொடுமையை எதிர்த்து 1918 முதல் 1921 வரை பா சாய் என்பவர் தலைமையில் கலகம் செய்தார்கள். அந்தக் கலகத்துக்குப் பிரெஞ்சுக்காரர்கள் வைத்த பெயர் 'பைத்தியக்காரர்களின் போர்'. உரிமை கேட்டால் பைத்தியம்!

பிறகு அமெரிக்கா வந்தது. 1960களின் தொடக்கத்திலிருந்து சி.ஐ.ஏ. லாவோஸில் ரகசியப் போர் நடத்தியது. ஹ்மாங் தளபதி வாங் பாவ் தலைமையில் பெரும் படை. வளர்ந்த ஆண்கள் செத்து முடிந்ததும் பதின்மூன்று, பதினான்கு வயதுப் பையன்களின் தோளில் துப்பாக்கி. 1964க்கும் 1973க்கும் இடையில் லாவோஸ் மீது அமெரிக்கா கொட்டிய குண்டுகள் 20 லட்சம் டன்னுக்கும் மேல். உங்களில் சிலர் 'ஏகாதிபத்தியத்தின் கூலிப்படைதானே' என்று நினைக்கலாம். எதிர்ப்பக்கத்திலும் ஹ்மாங் மக்கள் இருந்தார்கள். ஃபாய்டாங் என்ற தலைவரின் பின்னால் ஒரு பகுதியினர் பாதெட் லாவோவோடு நின்றார்கள். மலையில் இருக்கிறவனை இரண்டு பக்கமும் ஆளுக்கொரு கையாகப் பிடித்து இழுத்தார்கள், பிய்ந்தது அவன் உடம்பு. 1975 மே மாதம் அமெரிக்க விமானங்கள் லாங் செங் தளத்திலிருந்து சில ஆயிரம் பேரை மட்டும் ஏற்றிக்கொண்டு போயின. மிச்சப்பேர் காட்டுவழியாக நடந்து, மூங்கில் தெப்பத்திலும் டயர் டியூபிலும் மீகாங் ஆற்றைத் தாண்டித் தாய்லாந்துக்குப் போனார்கள். தாண்டாமல் ஆற்றோடு போனவர்கள் எத்தனையோ பேர்.

இப்போது தையலுக்கு வருகிறேன். அதன் பெயர் பாண்டாவ். 'பா' என்றால் பூ, 'ண்டாவ்' என்றால் துணி. பூத்துணி. பெயர்தான் பூ, வேலை மகா கடுமை. பழைய முறையில் சணல் செடி விதைப்பதிலிருந்து ஆரம்பிக்கும். தண்டை உரித்து, நாரைக் கீறி, முடிந்து, முறுக்கி, நெய்து துணியாக்கவேண்டும். பச்சை ஹ்மாங் அல்லது நீல ஹ்மாங் எனப்படும் பிரிவுப் பெண்கள் அந்தத் துணியில் உருக்கிய தேன்மெழுகால் கோலம் வரைவார்கள். சின்னச் செம்புத்தகடு பொருத்திய குச்சிதான் பேனா. பிறகு அவுரித் தொட்டியில் பலமுறை முக்கி எடுத்து, கொதிநீரில் மெழுகைக் கரைத்தால் கருநீலத்தில் வெள்ளைக் கோடுகள் எழுந்து நிற்கும். அதை நுணுக்கி நுணுக்கி மடித்து, நூற்றுக்கணக்கான மடிப்புகளோடு பாவாடையாக்குவார்கள்.

வெள்ளை ஹ்மாங் பெண்களின் பாவாடை வெறும் வெள்ளை. அவர்களுடைய பெருமை வெட்டுத்தையலில். ஒரு நிறத் துணியின் மேல் இன்னொரு நிறத் துணி. மேல்துணியை மடித்துச் சின்னக் கத்தரியால் கீறுவார்கள். கீறிய விளிம்பை ஊசிமுனையாலேயே உள்ளே தள்ளி மடக்கிக்கொண்டே தைப்பார்கள். கீழ்த்துணியின் நிறம் கோடாக வெளியே வரும். தையல் கண்ணுக்குத் தெரியக்கூடாது, அதுதான் கெட்டிக்காரத்தனம். அளவுகோல் கிடையாது. வரைபடம் கிடையாது. மடிப்பும் நகத்தால் கீறிய கோடும்தான் கணக்கு. நாம் ஒன்பதாம் வகுப்பில் சமச்சீர் என்று உருப்போட்டதை எழுத்தே தெரியாத கிழவி நகத்தால் போட்டுவிடுவாள்.

வடிவங்களுக்குப் பெயர் உண்டு: நத்தை, யானையின் கால்தடம், ஆட்டுக்கொம்பு, சிலந்தி வலை, வெள்ளரி விதை. நத்தைச் சுருளின் நடுப்புள்ளி முன்னோர், சுற்றிச் சுற்றி வருவது தலைமுறைகள் என்று விளக்கம் சொல்வார்கள். ஒரு எச்சரிக்கை. ஒருத்திக்கு நத்தையாக இருப்பது பக்கத்து மலைக்காரிக்கு வேறொன்றாக இருக்கும். வடிவத்துக்கு ஒரு பெயர், ஒரு அர்த்தம் என்று அச்சடித்த பட்டியல் வலுப்பெற்றது, அமெரிக்கர்கள் வாங்க ஆரம்பித்த பிறகுதான். வாங்குகிறவனுக்கு விளக்கச் சீட்டு தேவை. தைக்கிறவளுக்குத் தேவைப்படவில்லை.

இந்தத் துணி எதற்குப் பயன்பட்டது? குழந்தையை முதுகில் கட்டும் தூளித்துணிக்கு. மேலேயிருந்து பார்க்கிற கெட்ட ஆவி, பூ என்று நினைத்து ஏமாந்துபோக வேண்டும் என்பதற்காகக் குழந்தையின் தொப்பிக்கு. புத்தாண்டு விழாவில் பையன்களும் பெண்களும் எதிரெதிரே நின்று பந்து எறிந்து பழகும்போது போடுகிற உடைக்கு. கடைசியில் சாவுக்கு. இறந்தவருக்கு உடுத்தும் துணியிலும் தலைக்கு வைக்கும் துணியிலும் மகள்களின் தையல் இருக்கவேண்டும். அந்தத் தையலைப் பார்த்துத்தான் முன்னோர்கள் தங்கள் ஆளை அடையாளம் கண்டு சேர்த்துக்கொள்வார்கள் என்பது நம்பிக்கை. நான் நம்பிக்கைக்காரன் இல்லை. ஆனால் செத்த பிறகும் 'நீ யாரு, எந்த ஊரு' என்று கேட்கப்படுகிற மக்களுக்கு, பதிலைத் துணியில் எழுதி அனுப்பவேண்டியிருந்தது என்பது எனக்குப் புரிகிறது.

எழுதி அனுப்பவேண்டியிருந்தது என்றேன். ஹ்மாங் மக்களிடம் ஒரு கதை உண்டு. தங்களுக்குப் பழங்காலத்தில் எழுத்து இருந்தது, ஆட்சியாளர்கள் அதைத் தடை செய்தார்கள், பெண்கள் அந்த எழுத்துகளைப் பாவாடைத் தையலுக்குள் ஒளித்துவைத்தார்கள், காலப்போக்கில் வாசிக்கத் தெரிந்தவர்கள் செத்துப்போக வடிவம் மட்டும் மிஞ்சியது என்று. இன்னொரு கதையில் புத்தகத்தை மாடு தின்றுவிடும். இது வரலாறா என்று கேட்டால் சான்று கிடையாது. ஆனால் எழுத்தை மறுக்கப்பட்ட மக்கள், 'எங்களுக்கு எழுத்தே இல்லை' என்று ஒப்புக்கொள்ளாமல் 'ஒளித்து வைத்திருக்கிறோம்' என்று சொல்வது இருக்கிறதே, அது ஒரு அரசியல் பிரகடனம். 1950களின் தொடக்கத்தில் மிஷனரிகள் ரோமன் எழுத்தில் அவர்கள் மொழிக்கு எழுத்துமுறை செய்துகொடுத்தார்கள். 1959இல் ஷாங் லூ யாங் என்ற விவசாயி, தான் எழுதப் படிக்கத் தெரியாதவராக இருந்தும், பஹாவ் என்ற தனி எழுத்துமுறையையே உண்டாக்கினார். 1971இல் அவரைக் கொன்றார்கள். எழுத்துக்காகச் செத்தவர்களின் பட்டியலில் அந்தப் பெயரையும் நாம் சேர்த்துக்கொள்ளலாம்.

அடுத்தது முகாம். தாய்லாந்தின் லோயி மாகாணத்தில் பான் வினாய் முகாம், 1975 முதல் 1992 வரை. ஒரு கட்டத்தில் 40,000 பேருக்கு மேல் அங்கே அடைந்து கிடந்தார்கள். நிலம் கிடையாது, வேட்டை கிடையாது, கை சும்மா கிடக்கிறது. அங்கேதான் கதைத்துணி பிறந்தது. அதுவரை பாண்டாவில் மனித உருவம் கிடையாது, கோடும் சுருளும்தான். முகாமில் பெரும்பாலும் ஆண்கள் படம் வரைந்தார்கள், பெண்கள் தைத்தார்கள். நெல் குத்துகிறார்கள், பன்றிக்குத் தீனி வைக்கிறார்கள், விமானம் வருகிறது, வீடு எரிகிறது, சனங்கள் மூட்டையோடு நடக்கிறார்கள், ஆற்றில் இறங்குகிறார்கள், முகாமில் வரிசையில் நிற்கிறார்கள், கடைசி மூலையில் ஒரு பேருந்தும் ஒரு விமானமும். சில துணிகளில் ஆங்கில வாசகமும் எழுத்துப் பிழையோடு தைக்கப்பட்டிருக்கும். அந்தப் பிழையை நான் திருத்தமாட்டேன். பேனா பிடிக்காத கை எழுதிய வாக்குமூலம் அது. டியா சா என்ற ஹ்மாங் ஆய்வாளர், தன் குடும்பத்தார் தைத்த ஒரு கதைத்துணியை வைத்தே 1996இல் குழந்தைகளுக்கு ஒரு வரலாற்றுப் புத்தகம் வெளியிட்டார். ஒரு கண்டத்தின் வரலாறு ஒரு துணிக்குள்.

ஆனால் சந்தையைப் பற்றிப் பேசாமல் இதைக் கொண்டாடினால் நாம் ஏமாளிகள். கதைத்துணி விற்பதற்காகத்தான் தைக்கப்பட்டது. வாங்குகிறவர்கள் அமெரிக்க வெள்ளையர்கள். சிவப்பும் மஞ்சளும் பச்சையும் அவர்கள் கண்ணை உறுத்தியது. மங்கலாக, பழுப்பாக, வரவேற்பறைச் சோபாவுக்குப் பொருந்துகிற மாதிரி வேண்டும் என்றார்கள். நிறம் மாறியது. தூளித்துணியாக இருந்தது தலையணை உறையாக, சுவரில் மாட்டுகிற சட்டமாக மாறியது.

இன்னொரு சங்கதி. பென்சில்வேனியா மாநிலத்தில் லங்காஸ்டர் என்று ஒரு பகுதி. அங்கே ஆமிஷ் என்ற பழைய கிறித்தவப் பிரிவினர் வாழ்கிறார்கள். மின்சாரம் வேண்டாம், கார் வேண்டாம் என்று வாழ்கிறவர்கள். அவர்கள் தைக்கும் மெத்தைப் போர்வைக்கு உலகம் முழுக்கக் கிராக்கி. 1980களிலிருந்து அந்தப் போர்வைகளில் கணிசமானவற்றின் ஒட்டுத்தையலைச் செய்தவர்கள் ஹ்மாங் அகதிப் பெண்கள். நுணுக்கமான கை, மலிவான கூலி. கடையில் வாங்குகிற சுற்றுலாப் பயணி 'ஆமிஷ் பாட்டி தைத்தது' என்று நினைத்து வாங்கிப்போனான். தைத்தவள் பெயர் போர்வையில் இல்லை. அவள் இனத்தின் பெயரும் இல்லை. இதைப் படித்தபோது நான் வாய்விட்டுச் சிரித்தேன். அப்பா தைத்த செருப்பைப் போட்டுக்கொண்டு நடந்தவர்கள் யாராவது 'இது இன்னார் தைத்தது' என்று சொன்னதுண்டா? உழைப்பு நமது, பெயர் அவர்களது என்பது உலகப் பொதுவிதி போலிருக்கிறது.

சரி, இப்போது கற்பித்தலுக்கு வருவோம். அமெரிக்காவில் இன்றைக்கு 3 லட்சத்துக்கும் மேற்பட்ட ஹ்மாங் மக்கள் இருக்கிறார்கள். கலிபோர்னியா, மின்னசோட்டா, விஸ்கான்சின் மாநிலங்களில் அதிகம். டோக்கியோ ஒலிம்பிக்கில், 2021இல், ஜிம்னாஸ்டிக்ஸ் தங்கம் வாங்கிய சுனிசா லீ மின்னசோட்டாவின் செயின்ட் பால் நகரத்து ஹ்மாங் பெண். கவிஞர் மாய் டெர் வாங் ஃப்ரெஸ்னோ நகரத்தில் பிறந்தவர். அங்கேயே பிறந்து வளர்ந்த மூன்றாம் தலைமுறை வந்துவிட்டது. மலையில் ஐந்து, ஆறு வயதில் ஊசி பிடித்த பாட்டிக்கு ஆங்கிலம் வராது. பேத்திக்கு ஹ்மாங் மொழி தட்டுத்தடுமாறித்தான் வரும். இரண்டு பேருக்கும் நடுவில் ஒரு துணி இருக்கிறது. அவ்வளவுதான் மிச்சம்.

மலையில் யாரும் 'தையல் வகுப்பு' நடத்தவில்லை. அம்மா தைப்பாள், பிள்ளை பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கும், துண்டுத் துணியில் போட்டுப் பார்க்கும், கோணலாக இருந்தால் பிரித்துவிட்டு மறுபடி தைக்கும். அமெரிக்காவில் சமூகக் கூடங்களிலும் அருங்காட்சியகங்களிலும் வகுப்பு வைக்கவேண்டியிருக்கிறது. சில மாநிலங்களின் கலை நிறுவனங்கள், கற்பிக்கிற மூத்தவருக்கும் கற்கிற இளையவருக்கும் சேர்த்து உதவித்தொகை தருகின்றன. டெட்ராய்ட்டில் வாழ்ந்த யாங் ஃபாங் நூ என்ற ஹ்மாங் பெண்மணிக்கு, சணல் நெசவுக்கும் தையலுக்கும் 1988இல் அந்த நாட்டின் தேசிய மரபுரிமைக் கலைஞர் விருது கிடைத்தது. எழுதப் படிக்கத் தெரியாதவள் என்று வேலைவாய்ப்பு அலுவலகம் ஒதுக்குகிற ஒரு தலைமுறை, அந்த வகுப்பறையில் மட்டும் ஆசிரியர்.

அந்த வகுப்பில் என்ன சிக்கல் வரும்? பள்ளிக்கூடத்தில் படித்த பிள்ளை 'முதல் படி என்ன, இரண்டாம் படி என்ன' என்று கேட்கும். பாட்டியிடம் படி கிடையாது. 'இப்படி' என்று மறுபடி செய்துகாட்டுவாள். கை அறிவதை வாய் சொல்லமாட்டாது. அதனால் கட்டம்போட்ட துணியில் எண்ணித் தைக்கிற குறுக்குத்தையலில் ஆரம்பிக்கிறார்கள், எண்ணத் தெரிந்தால் போதும். வெட்டுத்தையல் பின்னால்தான். சணலும் அவுரியும் பெரும்பாலும் போய்விட்டன. அமெரிக்காவில் சணல் பயிர் பொதுவாக அனுமதிக்கப்பட்டதே 2018இல்தான், கஞ்சாவின் இனம் என்பதால். இப்போது பருத்தியும் பாலியெஸ்டரும். இன்னொரு பக்கம், சீனத் தொழிற்சாலைகளில் அச்சடித்த, எந்திரத்தில் தைத்த ஹ்மாங் உடைகள் புத்தாண்டுச் சந்தையில் குவிந்து கிடக்கின்றன. ஒரு வருசம் தைக்கவேண்டியதை ஒரு நிமிசத்தில் வாங்கலாம். வாங்குகிற பிள்ளையை நான் குறை சொல்லமாட்டேன். படிக்கிற, வேலைக்குப் போகிற பெண்ணுக்கு ஒரு வருசத்து ராத்திரிகள் எங்கேயிருந்து வரும்?

இன்னொன்றையும் சொல்லவேண்டும். மலையில் தையல் சுதந்திரமான கலை என்று யாரும் கற்பனை செய்துகொள்ள வேண்டாம். பெண் பார்க்க வருகிறவர்கள் அவள் தையலைப் பார்ப்பார்கள். தையல் நுணுக்கம் என்றால் பொறுமைசாலி, உழைப்பாளி, நல்ல மருமகள். ஆணுக்கு அந்தப் பரீட்சை இல்லை. ஆகவே 'பெண்பிள்ளைகளே, நம் பண்பாட்டைக் காப்பாற்றுங்கள்' என்று மட்டும் ஒரு வகுப்பு நடந்தால் அது பழைய விலங்குக்குப் புது மெருகு. முகாமில் படம் வரைய ஆண் கை நீண்டதல்லவா, அந்த இடத்திலிருந்து தொடங்கவேண்டும். பையனும் உட்காரட்டும். அவன் விரலிலும் ஊசி குத்தட்டும்.

பண்பாடு காப்பாற்றப்பட்டால் விடுதலை தானாக வந்துவிடும் என்றும் நான் சொல்லவில்லை. 2020 மே மாதம் மின்னியாபொலிஸில் ஜார்ஜ் ஃப்ளாய்டின் கழுத்தில் முட்டி அழுத்தப்பட்டபோது, சுற்றி நின்ற சனங்களைத் தடுத்துக்கொண்டு நின்ற காவலர் ஒரு ஹ்மாங். அதே நாட்களில் ஹ்மாங் இளைஞர்களில் ஒரு பகுதியினர் கறுப்பின மக்களோடு தெருவில் நின்றார்கள். ஒரே வீட்டிலேயே சண்டை வந்திருக்கும். அடுத்த வருசம், 2021 செப்டம்பரில், செயின்ட் பாலில் இருக்கிற ஹ்மாங் பண்பாட்டு மையத்தின் முகப்பில் வெள்ளை இனவெறியர்கள் சாயம் அடித்து நாசம் செய்தார்கள். காவலர் சட்டை போட்டுவிட்டால் வெள்ளைக்காரன் நம்மை ஏற்றுக்கொள்வான் என்று நினைத்தவர்களுக்கு அந்தச் சாயம் பதில். பாண்டாவ் கற்கிற பிள்ளை, கதைத்துணியில் வருகிற அந்த விமானம் யாருடையது என்பதையும் சேர்த்துக் கற்கவேண்டும். இல்லையென்றால் அது வெறும் பூ.

முகாம் தொடங்கும் முன்னால் இங்கே இருக்கிற ஒரு மாணவர் என்னிடம் கேட்டார்: 'தோழர், பாட்டி தொழிலப் பேத்திக்குக் கத்துக்குடுக்கறது குலக்கல்விதானே?' மிகச் சரியான கேள்வி. 1953இல் இராஜாஜி கொண்டுவந்த திட்டம் என்ன சொன்னது? பாதி நேரம் பள்ளி, மிச்ச நேரம் அப்பன் தொழில். அடுத்த வருசமே, காமராசர் முதல்வரானதும், அது தூக்கி எறியப்பட்டது. அது நிலைத்திருந்தால் அப்பாவின் அறை எனக்கு விழுந்திருக்காது, குத்தூசிதான் கையில் விழுந்திருக்கும். 2023இல் ஒன்றிய அரசு விஸ்வகர்மா என்று ஒரு திட்டம் கொண்டுவந்தது. 18 தொழில்கள், அதில் செருப்புத் தைப்பதும் உண்டு. குடும்பத் தொழிலாக இருக்கவேண்டும் என்ற நிபந்தனையைத் தமிழ்நாடு அரசு எதிர்த்தது. எதிர்க்கத்தான் வேண்டும்.

அப்படியென்றால் ஹ்மாங் பாட்டியின் வகுப்புக்கும் இதற்கும் என்ன வித்தியாசம்? நான் மூன்று கேள்வி வைத்துப் பார்க்கிறேன்.

ஒன்று: கற்காமல் எழுந்து போக முடியுமா? செயின்ட் பாலில் ஒரு பெண் பாண்டாவ் கற்காமல் டாக்டராகலாம், குறைந்தபட்சம் தையல் அதைத் தடுக்காது. நம் ஊரில் செருப்புத் தைக்காமல் எழுந்து போவதற்கு ஒரு போராட்டம் தேவைப்பட்டது.

இரண்டு: அந்த வேலையைத் தொட்டவனைத் தொடலாமா? ஹ்மாங் பெண்ணின் தையலை அவளுடைய சனங்கள் தலையிலும் நெஞ்சிலும் வைத்தார்கள். எங்கள் தாத்தா கவலை இறைக்கிற சாலுக்குத் தோலில் வால் தைத்துக் கொடுத்தவர். அந்தத் தோல் வழியாக வந்த தண்ணீர் எல்லா வயலுக்கும் பாய்ந்தது. தாத்தா அந்தக் கிணற்றில் இறங்கக்கூடாது. சாதி வேலைகளைப் பிரிப்பதோடு நிற்கவில்லை, வேலை செய்கிறவர்களையே மேல் கீழாக அடுக்கியது என்று 1936இலேயே அம்பேத்கர் விளக்கிவிட்டார். ஊசி ஒன்றுதான். அதைச் சுற்றியிருக்கிற சமூகம் வேறு.

மூன்று: பெயரும் விலையும் யாருக்கு? லங்காஸ்டர் போர்வையில் ஹ்மாங் பெண்ணே தோற்றுப்போன இடம் இது. அங்கே அவளும் நம்மைப் போலத்தான்.

இந்த மூன்றுக்கும் பதில் சரியாக இல்லாத வரைக்கும் யாராவது வந்து 'பாரம்பரியத் தொழிலைக் கற்றுக்கொள்ளுங்கள்' என்றால், அப்பா எனக்குக் கொடுத்ததைத்தான் அவர்களுக்குக் கொடுக்கவேண்டும்.

ஆனால் தோழர்களே, இதோடு முடித்துக்கொண்டால் நான் நேர்மையாகப் பேசியவன் ஆகமாட்டேன். தொழிலை விடுவது வேறு, அறிவைத் தொலைப்பது வேறு. தொழிலை நாம் விட்டோம், அது நம் வெற்றி. அறிவை நம்மிடமிருந்து அவமானம் பிடுங்கிக்கொண்டது, அது அவர்கள் வெற்றி. ஹ்மாங் மக்களிடம் நான் கற்றுக்கொண்டது இதைத்தான். அவர்கள் நாட்டை இழந்தார்கள், மலையை இழந்தார்கள், சணலையும் இழந்தார்கள். பாலியெஸ்டர் துணியில், கட்டம்போட்ட துணியில், கோணல்மாணலாக, அந்த நத்தையைத் திரும்பத் திரும்பத் தைக்கிறார்கள். எந்தப் பிள்ளையும் அதை வைத்துப் பிழைக்கவேண்டியதில்லை என்பதால்தான் அதைத் தலைநிமிர்ந்து கற்க முடிகிறது.

மகள் கேட்ட அன்றைக்கு ராத்திரி அம்மாவிடம் உட்கார்ந்தேன். 'அந்த மெழுகு எதுக்கும்மா?' முதலில் வாயே திறக்கவில்லை. 'படிச்சவனுக்கு அதெல்லாம் எதுக்கு' என்றது. விடாமல் கேட்டேன். அப்புறம் மெதுவாக ஆரம்பித்தது. நூலைத் தொடையில் வைத்து முறுக்குவது, இரண்டு புரி எதற்கு, மூன்று புரி எதற்கு, மெழுகு பூசினால் மழையில் நூல் இற்றுப்போகாது, துளைக்குள் வழுக்கிக்கொண்டு போகும், தோலின் எந்தப் பக்கம் காலுக்குப் படவேண்டும். இரண்டு மணி நேரம் பேசியது. அப்போதுதான் எனக்குத் தெரிந்தது, அப்பாவின் நூலையெல்லாம் முறுக்கி மெழுகு பூசிக் கொடுத்தது அம்மாதான். பேருந்து நிலையத்தில் சாக்கு விரித்து உட்கார்ந்தது அவர், அதனால் 'அப்பா தைத்தார்' என்றே இத்தனை வருசம் நானும் சொல்லிக்கொண்டிருந்தேன். இன்றைய பேச்சின் தொடக்கத்திலும் 'அப்பாவுடைய பெட்டி' என்றுதானே சொன்னேன்? கவனித்திருப்பீர்கள். ஆமிஷ் போர்வையைப் பார்த்துச் சிரித்த நானே என் வீட்டில் பெயரை மாற்றி எழுதியிருக்கிறேன்.

உங்களிடம் நான் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. இங்கே நூறு பேருக்குக் கிட்ட இருக்கிறீர்கள். ஊருக்குப் போனதும் வீட்டில் இருக்கிற கிழவியிடம், கிழவனிடம், அவர்கள் கை செய்த வேலையைப் பற்றி உட்கார்ந்து கேளுங்கள். தோலோ, பறையோ, கூடையோ, நாற்று நடவோ. அவர்கள் பேச மறுப்பார்கள். அந்த மறுப்பையும் எழுதிக்கொள்ளுங்கள், அதுவும் வரலாறு. சொல்லும் அளவும் பெயரும் அவர்கள் வாயிலிருந்து எப்படி வருகிறதோ அப்படியே எழுதுங்கள். திருத்தாதீர்கள். யாரையும் அந்தத் தொழிலுக்குத் திரும்பக் கூப்பிடாதீர்கள்.

போன வாரம் அம்மாவே பெட்டியை எடுத்துத் திறந்தது. என் மகள் பழைய பள்ளிப்பை வாரில் இரண்டு துளை போட்டு நூல் கோத்தாள். தையல் கோணல். அம்மா 'பிரி' என்றது. பிரித்துவிட்டு மறுபடி தைத்தாள். எட்டு மணி ஆனதும், 'போதும், வீட்டுப்பாடத்த எழுது' என்று சொல்லி அம்மா பெட்டியை மூடி உள்ளே வைத்துவிட்டது.